பேராதனை மரங்களுக்குச் சொந்த ஊர் எது?

மலையகத்தில் படித்த பிள்ளைகளில் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போகாதவர்கள் குறைவு. நானும் ஆறாம் ஆண்டில் போனேன். விடியற்காலை பஸ், வாழையிலையில் கட்டிய சோறு, வாசலில் தலை எண்ணும் டீச்சர், பெரிய புல்வெளியில் கொஞ்ச நேரம் ஓட்டம், திரும்பும் வழியில் வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். "பெரிய மரம்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பல வருடம் கழித்துத் தனியாகப் போனபோதுதான் மரத்தடியில் நட்டிருக்கும் சிறு பலகைகளைக் குனிந்து படித்தேன். மேலே விஞ்ஞானப் பெயர், கீழே தாவரக் குடும்பம், அதற்கும் கீழே ஒரு நாட்டின் பெயர். பிரேசில், பர்மா, மடகஸ்கார், சீஷெல்ஸ், கயானா. ஒரு பாதை முடிவதற்குள் மூன்று நாலு கண்டங்களைக் கடந்துவிடலாம். அந்தக் கடைசி வரியில்தான் பூங்காவின் கதையே இருக்கிறது. இவ்வளவு தூரத்து மரங்களை யார் இங்கே கொண்டுவந்தார்கள், எதற்கு? அழகுக்காக என்று நினைத்தால் அது பாதிதான் சரி. மீதிப் பாதியில் கோப்பியும் கொயினா மருந்தும் தேயிலையும் றப்பரும், அவற்றோடு சேர்த்து எங்கள் பாட்டன் பூட்டன்மாரும் வருகிறார்கள்.

பூங்கா கண்டி நகரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மகாவலி ஆறு வளைந்து ஓடி மூன்று பக்கமும் அணைத்துக்கொண்ட 147 ஏக்கர் நிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரம். நுவரெலியாக் குளிரும் இல்லை, கொழும்புப் புழுக்கமும் இல்லை. இந்த நடுத்தரச் சீதோஷ்ணம்தான் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் செடிகொடிகளை ஒரே இடத்தில் வைத்திருக்க உதவுகிறது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இது அரச நிலம். 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு இங்கே ஆற்றோரம் அரசவை வைத்திருந்தான் என்றும், 1747இல் பட்டத்துக்கு வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இதை அரச தோட்டமாக்கினான் என்றும் சொல்வார்கள்.

ஊர்ப்பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. சிங்களத்தில் 'பேர' என்றால் கொய்யா, 'தெனிய' என்றால் தாழ்வான சமநிலம். கொய்யா நிறைந்த சமநிலம் பேராதெனிய ஆயிற்றாம். இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம். போர்த்துக்கேயர் கப்பலுக்கு முன்னால் அது இந்தப் பக்கம் வந்திருக்க வழியில்லை. விளக்கம் உண்மையானால், விக்கிரமபாகு காலத்தில் இந்த இடத்துக்கு வேறு பெயர்தான் இருந்திருக்க வேண்டும். வந்தேறிச் செடி ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இப்போதைய பூங்காவின் கணக்கு 1821இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஆங்கிலேயர் இரண்டு இடங்களில் முயன்று பார்த்துவிட்டார்கள். முதலாவது கொழும்பில், கொம்பனித்தெருவில். லண்டன் கியூ பூங்காவை மனதில் வைத்து அதற்கும் கியூ என்றே பெயர் வைத்தார்கள். தோட்டம் போய்விட்டது, கியூ வீதி இன்றும் அங்கே இருக்கிறது. வெள்ளத் தொல்லையால் 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள். அதுவும் சரிவரவில்லை. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபிறகு மலைநாட்டு நிலம் கிடைத்தது. அலெக்சாண்டர் மூன் என்ற தோட்டக்காரர் பேராதனையைத் தெரிந்தெடுத்தார். அவர் முதலில் நட்டவை பூச்செடிகள் இல்லை, கறுவாவும் கோப்பியும். 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை உள்ளூர்ப் பெயர்களோடு அச்சிட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துத் தாவரவியல் பூங்கா ஓய்வுநாளில் குடும்பத்தோடு போய் உட்காரும் இடமாக எண்ணப்படவில்லை. அது ஒரு கந்தோர், அதாவது அலுவலகம், நாற்றுமேடையும் தபால் நிலையமும் சேர்ந்த மாதிரியான ஒன்று. கல்கத்தாவில் 1787இலும், ஜாவாவின் போகோரில் ஒல்லாந்தர் கையால் 1817இலும், ஊட்டியில் 1848இலும், சிங்கப்பூரில் 1859இலும் பூங்காக்கள் எழுந்தன. ஆங்கிலேயரின் பூங்காக்களுக்கு நடுவில் கியூ. ஒரு கண்டத்தில் விலைபோகும் செடியை எடுத்து, இன்னொரு கண்டத்தில் மலிவான நிலமும் மலிவான உழைப்பும் உள்ள இடத்தில் நட்டுப் பார்ப்பதுதான் இந்த வலைப்பின்னலின் வேலை. பேராதனைக்கு வந்த செடி முதலில் உயிர் பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். பிழைத்தால் விதையும் நாற்றும் துரைமார்களின் தோட்டங்களுக்குப் போகும்.

செடியைக் கப்பலில் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. மேல்தளத்தில் வைத்தால் உப்புக் காற்று கருக்கிவிடும், கீழே வைத்தால் வெளிச்சமில்லை, மாலுமிகள் குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற விடமாட்டார்கள். இதற்கு வழி கிடைத்தது தற்செயலாக. நத்தானியல் வார்ட் என்ற லண்டன் வைத்தியர் 1829 வாக்கில் அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டை ஈரமண்ணோடு ஒரு போத்தலில் போட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கக் காத்திருந்தவர் மண்ணில் சின்னப் பன்னம் (பெரணிச் செடி) ஒன்று முளைத்திருப்பதைக் கண்டார். போத்தலுக்குள் எழும்பும் ஈரம் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படிந்து திரும்பவும் மண்ணுக்கே இறங்குகிறது, தண்ணீரே ஊற்றத் தேவையில்லை. அதைப் பெரிதாக்கி, கண்ணாடிக் கூரை போட்ட மரப்பெட்டி செய்தார்கள். 'வார்ட் பெட்டி' என்று பெயர். 1833இல் அது லண்டனிலிருந்து சிட்னிவரை செடிகளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு கடல் ஒரு தடையாக இருக்கவில்லை.

பெட்டி என்ன செய்யும் என்பதற்கு றப்பர் நல்ல உதாரணம். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து சுமார் 70,000 றப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விக்காம் திருடினார் என்று ஒரு கதை, திருடவில்லை, அப்போது தடைச்சட்டமே இல்லை என்று இன்னொரு கதை. எப்படியோ, விதைகளில் நூற்றுக்கு நாலுதான் முளைத்தன. அவற்றில் 1,919 நாற்றுகள் 38 பெட்டிகளில் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. பேராதனை றப்பருக்குக் கொஞ்சம் குளிர் அதிகம். அதனால் தாழ்நாட்டில், கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு பூங்கா திறந்து நட்டார்கள். ஆசியாவின் றப்பர் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு மூதாதை அந்த ஒரு மூட்டை விதைதான். வேடிக்கை என்னவென்றால், வந்த காலத்தில் துரைமார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வாகன டயர் வந்து விலை ஏறும்வரை அந்த மரங்கள் சும்மா நின்றன.

அந்த நேரத்தில் துரைமாருக்கு வேறு கவலை இருந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிப் பயிர் ஐம்பது வருடத்தில் மலைநாட்டுக் காட்டை விழுங்கியிருந்தது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தூள். தொட்டால் விரலில் துருமாதிரி ஒட்டும். அப்போது பேராதனைப் பூங்காவின் தலைவர் ஜோர்ஜ் துவைட்ஸ். முப்பது வருடத்துக்குமேல் இங்கே இருந்த மனிதர். அவர் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் பெர்க்கிலி என்ற பூஞ்சை நிபுணர் பார்த்து, இது இதுவரை அறியாத பூஞ்சை வகை என்று சொல்லி, 'நாசம் செய்கிறது' என்ற பொருள் வரும் லத்தீன் பெயரே வைத்தார். பெயர் பலித்தது.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் ஆராய அனுப்பியது. பெட்டி வார்ட் வேறு, இவர் வேறு. காற்றில் என்ன மிதக்கிறது என்று பார்க்க, பிசுபிசுப்பான கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டார். அவற்றில் அந்தத் துருநோய்ப் பூஞ்சையின் வித்திகள் வந்து ஒட்டின. காற்றோடு போய், ஈரமான இலையில் விழுந்து, முளைத்து, இலையின் துவாரங்களால் உள்ளே போகிறது என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு வைத்ததுதான் அதற்கு விரித்த பாய். துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். இரண்டே வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்றைக்குத் தாவர நோயியல் படிக்கிற எல்லோரும் அவரைப் படிக்கிறார்கள்.

கோப்பி விழுந்த இடத்தில் உடனே தேயிலை வந்துவிடவில்லை, நடுவில் சிங்கோனா வந்தது. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து எடுத்தார்கள். தென்னமெரிக்க மலைகளிலிருந்து 1860களின் தொடக்கத்தில் விதை வந்தது. ஊட்டியில் வில்லியம் மெக்கைவர் நட்ட அதே காலத்தில், பேராதனையின் கிளையாக 1861இல் ஹக்கலையில் ஒரு குளிர்நாட்டுப் பூங்கா திறந்தார்கள், முக்கியமாக இதற்காகவே. கோப்பி நன்றாக விலைபோனவரை துவைட்ஸ் நாற்றைக் கொடுத்தாலும் வாங்க ஆள் குறைவு. துரு பரவியதும் எல்லோரும் அடித்துப் பிடித்து நட்டார்கள். எல்லோரும் நட்டால் என்ன ஆகும், விலை விழுந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த வகையில் கொயினா இன்னும் அதிகம் இருந்தது. சிங்கோனாவும் பிடுங்கப்பட்டது.

தேயிலை அதற்குள் பேராதனையில் நாற்பது வருடமாகக் காத்திருந்தது. 1824இல் சீனாவிலிருந்து ஒரு செடி வந்ததாகவும், 1839இல் அசாம் வகை வந்ததாகவும் பதிவு இருக்கிறது. காட்சிக்கு வைத்த செடிபோல அது இருந்தது. 1866இல் லூல்கந்துரை தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர் பேராதனையிலிருந்து விதை வாங்கிப் பாதையோரமாக நட்டுப் பார்த்தார். அடுத்த வருடம் அசாம் வகையில் 19 ஏக்கர். பின்னால் நடந்ததை ஒவ்வொரு மலையும் சொல்லும்.

ஆனால் பயிர் மாறியதில் அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. கோப்பி பருவத்துக்குப் பழுக்கும். அதனால் தென்னிந்தியாவிலிருந்து வந்த சனங்களில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் திரும்பிப் போவார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தேயிலை அப்படியில்லை. வருடம் முழுக்கத் துளிர்க்கும், வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து கிள்ள வேண்டும். ஆண்கள் மட்டும் வந்து போனால் சரிவராது. குடும்பம் வேண்டும், வரிசை வீடுகளான லயம் வேண்டும், அப்புறம் கோயில், சுடுகாடு எல்லாமே வேண்டும். வந்துபோனவர்களை இங்கேயே இருப்பவர்களாக மாற்றியதில் ஆள்பிடித்த கங்காணிக்கும் ரயில் பாதைக்கும் எவ்வளவு பங்கோ, அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம். பூங்காவில் நான் 'பெரிய மரம்' தேடி ஓடிய வயதில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மரங்களைப் பார்ப்போம்.

நாகலிங்க மரத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1901இல் யோர்க் கோமகனும் மனைவியும், பின்னால் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி ராணியுமாக ஆனவர்கள், நட்ட மரம் ஒன்று இங்கே இருக்கிறது. பூ கிளைநுனியில் வராது, நடுமரத்திலிருந்து கயிறுகயிறாகத் தொங்கும் காம்புகளில் வரும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், தடித்த ஆறு இதழ்கள், உள்ளே மஞ்சள் வட்டம், அதன்மேல் ஒருபக்கமிருந்து குடைபோல வளைந்து கவியும் மகரந்தத் தாள்கள். சிவலிங்கத்துக்குப் படம் பிடிக்கும் நாகம் என்று நாங்கள் கும்பிடுகிறோம். சிங்களவர் இதைச் 'சல்' என்று சொல்லி விகாரைக்குக் கொண்டுபோகிறார்கள். புத்தர் பிறந்தது, பரிநிர்வாணம் அடைந்தது இரண்டும் சால மரத்தடியில். ஆனால் அந்த உண்மையான சால மரம் வட இந்தியக் காட்டு மரம், இதற்கும் அதற்கும் உறவே இல்லை. பலகையைப் பார்த்தால் இது தென்னமெரிக்கா. கப்பலில் வந்த ஒரு மரத்தை இரண்டு சமயமும் ஆளுக்கொரு புராணம் சொல்லித் தனதாக்கிக்கொண்டன. பீரங்கிக் குண்டு மாதிரித் தொங்கும் காய்க்கு நேர்கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

கடற்தேங்காய் என்று சித்த வைத்தியத்தில் சொல்வார்களே, அதன் மரமும் இங்கே உண்டு. தாவர உலகத்திலேயே மிகப் பெரிய விதை அது. இருபது கிலோவுக்குமேலும் நிறை வரும். சீஷெல்ஸ் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. அந்தத் தீவுகளை யாரும் அறியாத காலத்தில், மாலைதீவுக் கரைகளில் காய் மட்டும் ஒதுங்கும். கடலுக்கு அடியில் மரம் இருக்கிறது என்று நினைத்தார்கள், அதனால் வந்த பெயர். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு வருடம் பிடிக்கும்.

பனை வரிசைகளில் சனம் படம் எடுப்பது 1950இல் நட்ட ராஜபனைச் சாலையில். எனக்குப் பிடித்தது 1887இல் நட்ட நம்முடைய சாதாரணப் பனை. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வேலி நிற்கும் மரத்தை இங்கே ஈரமலைக் காற்றில் அணிவகுத்து நிறுத்தியிருப்பதைப் பார்க்க, சொந்தக்காரர் ஒருவரைக் கோட்டுப் போட்டுக் கண்டதுபோல இருக்கும். பக்கத்தில் தாளிப்பனையைத் தேடுங்கள். ஏடு எழுதச் சிங்களவருக்கு அதன் ஓலை, நமக்குப் பெரும்பாலும் பனையோலை. தாளிப்பனை முப்பது வருடத்துக்குமேல், சிலவேளை எண்பது வருடம்வரை காத்திருந்து ஒரே ஒரு தடவை உச்சியில் பிரம்மாண்டமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும்.

ஆற்றங்கரை இராட்சத மூங்கில் பர்மாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஓரடிவரை வளரும். தோலில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், ஆளுயரத்துக்கு ஒரு இடம் மிச்சமில்லை. குக் பைன் மரங்கள் குடித்தவர்கள்போல வளைந்தும் சாய்ந்தும் நிற்கும். நட்டவர்கள் மேல் தப்பில்லை. உலகம் முழுக்க இந்த வகை நிலநடுக்கோட்டுப் பக்கமாகவே சாய்கிறது என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இந்தக் கந்தோரிலிருந்து கைதவறிப் போனவையும் உண்டு. நாயுண்ணிச் செடியை 1826இல் பூவுக்காகப் பேராதனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உடவளவைக் காட்டில் யானை மேயும் புல்லை அது மூடிக்கொண்டு நிற்கிறது. இலையின் அடிப்பக்கம் கருஊதாவாக மின்னும் மைக்கோனியாவும் 1888இல் அலங்காரச் செடியாக வந்ததுதான். கண்டியைச் சுற்றிய மலைகளில் இப்போது அதை வெட்டி மாளவில்லை. வெளியூர்ச் செடியெல்லாம் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மிளகாயும் மரவள்ளியும் கூட வெளியூர்தான். பத்திரமாகப் பலகை வைத்து நட்ட இடத்திலிருந்து வேலி தாண்டும் செடி எது என்பது போய்ச் சில பத்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

பார்வையாளர் போகாத இன்னொரு பகுதி தேசிய உலர்தாவரச் சாலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூன் காலத்தில் வரைஞராகச் சேர்ந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் 38 வருடம் செடிகளை வரைந்தார், அவருக்குப் பிறகு பிள்ளைகளும் வரைந்தார்கள். விஞ்ஞானப் பெயர்களின் வாலில் துவைட்ஸ் பெயரும் அவருக்குப் பின் தலைவராக வந்த திரைமன் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காட்டுக்குள் வழிகாட்டிச் செடியின் ஊர்ப்பெயரைச் சொன்னவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. காலை 7.30க்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிடும், பெருமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு டிக்கட் விலை பல மடங்கு அதிகம், தமிழில் பேசினாலும் குறையாது. ஒர்க்கிட் கூடத்தில் எல்லோரும் ஒரு மணிநேரம் செலவழிப்பார்கள், நான் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன். மிச்ச நேரத்தை வாசலுக்குக் கிட்ட இருக்கும் வாசனைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். கராம்பு, ஏலம், கறுவா, மிளகு எல்லாம் அங்கே இருக்கும். சாதிக்காய் மரத்தடியில் பிளந்து விழுந்த காய் ஒன்று கிடைத்தால், கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல இருக்கும் சாதிபத்திரியைப் பாருங்கள். காயும்போது அந்தச் சிவப்பு போய்விடும். கடையில் வாங்குகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பெரிய புல்வெளியில் குடைபோலப் படர்ந்து நிற்கும் ஆலினத்து மரத்தின் அடியில் கடைசியில் உட்காரலாம். மேலே பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் மரங்கள் ஆற்றுப் பக்கம் இருக்கின்றன, பகலிலும் சண்டை ஓயாது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார். பர்மாவில் நடந்த சண்டைக்கு இங்கிருந்துதான் கட்டளை போனது. நான் ஓடிய புல்வெளியில் அப்போது குடிசைகளும் தட்டச்சு இயந்திரங்களும் இருந்திருக்கும். போன முறை அங்கே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். டீச்சர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பையன் மட்டும் வரிசையை விட்டு விலகி, மரத்தடிப் பலகையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். "டேய், வா!" என்று கூப்பிட்டதும் ஓடிவிட்டான்.